ஆறு வரி பேச ஓர் ஆள்

நடிப்புக்கென்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதை நான் தெரிந்துகொண்டது மைசூர் அக்ரஹாரப் பகுதியில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில். இன்ஜினியரிங் விண்ணப்பத்துக்காக மதிப்பெண் பட்டியலை நகல் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் ஒரு முழுப் பத்திரத்தையே பக்கம் பக்கமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். சும்மா நிற்பது எனக்கு வராது. போனை எடுத்து, எங்கள் ஊர் ப்ளஸ் டூவான பியூசியில் இரண்டு வருடமும் கன்னட நாடகத்தில் மேடையேறிய தைரியத்தில், நடிப்பைப் படிக்க முடியுமா என்று கேட்டு வைத்தேன். முடியும் என்றது. நான்கு வருடம், உடலுக்கு ஒரு வகுப்பு, குரலுக்கு ஒரு வகுப்பு, கடைசி வருடம் முழுநீள நாடகம். என் முறை வந்தபோது கடைக்காரர் எத்தனை நகல் வேண்டும் என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டேன். ஒரு நாள்கூட ஒன்றை மனதில் வைத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அப்பா அன்று வண்டிக்குப் போகவில்லை. மைசூரிலிருந்து பாலாறு வழியாக மேட்டூர்ப் பக்கம் சரக்கு ஏற்றிப்போகும் டெம்போ அவருடையது, அதாவது முதலாளியுடையது, ஓட்டுவது அவர்.

"ஏம் பாப்பா, நடிக்கறதுக்குமா காலேசு?" என்றார்.

"ஆமாப்பா. டிகிரி."

"வூட்டுல நடிக்கறது பத்தாதா? நேத்து வயித்து வலின்னு படுத்தியே, அதுக்கே ஒரு டிகிரி குடுக்கலாம்."

அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தாள். பிறகு அப்பா சிரிப்பில்லாமல் சொன்னார்: "ஃபீஸ் கேக்காம எடுத்துக்கிட்டாங்கன்னா போ. இல்லீனா உங் கூட்டாளிக மாதிரி இஞ்சினீரு. அதுக்குத்தான் லோன் குடுப்பாங்க. இதுக்கு எவன் குடுப்பான்?"

நியாயமான பேச்சுதான். நானும் ஒப்புக்கொண்டேன். உதவித்தொகை கிடைத்தால் நடிப்பு, கிடைக்காவிட்டால் இன்ஜினியரிங். அத்தனையும் அந்த ஒரே கேள்வியில் வந்து நின்றது.

தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, 'மெரிட்' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் ஒரே அர்த்தம்தான். மார்க். நல்ல மார்க் வாங்கியிருக்கிறாயா, இந்தா டாக்டருக்கு, இந்தா இன்ஜினியருக்கு. ஓடுகிறாயா, நீந்துகிறாயா, அதற்கும் ஏதோ உண்டு. ஓர் இணையதளத்தில் என்ன படிக்கப் போகிறாய் என்பதற்கு நீளமாக ஒரு பட்டியல் இறங்கியது. மீன்வளம் இருந்தது, காலணி வடிவமைப்பு இருந்தது, நடிப்பு இல்லை. 'மற்றவை' என்பதை அழுத்தினேன். மற்றவைக்கு உதவித்தொகை இல்லை என்று வந்தது. நடிப்புக்கு என்று தனியாகத் தேடினால் அமெரிக்கக் கல்லூரிகள் வந்து குவிந்தன. அந்த ஊர்ப் பிள்ளைகள் எந்த மாதத்தில் எந்த நகரத்துக்குப் போய் நடித்துக் காட்ட வேண்டும் என்றெல்லாம் விலாவாரியாக எழுதியிருந்தார்கள். அதையும் விடாமல் படித்தேன். எனக்கு ஒன்றுக்கும் உதவாதது, ஆனால் என்னைப் போன்றவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஏனென்றால் பக்கத்தில் யாரும் இல்லை. என்னோடு பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் அந்தக் கோடையிலேயே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார்கள். நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் மிச்சம் இருந்தது பிறந்தநாள் வாழ்த்து மட்டும். அம்மா பகல் முழுக்க ரவிக்கை தைத்தாள், சேலைக்கு ஃபால்ஸ் அடித்தாள். அப்பா வாரத்தில் பாதி நாள் காட்டுச் சாலையில். நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு வசனம் பேசிக்கொண்டிருந்தேன். தொட்டி நன்றாகக் கேட்கும். பதில்தான் வராது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் ஒரு தனியார் கல்லூரி. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்கு மட்டும், படிப்பும் விடுதியும் சேர்த்து முழுதாக. மார்க்கும் பார்ப்பார்கள், ஆனால் முக்கியம் ஒரு வீடியோ. இருவர் பேசும் காட்சி. விண்ணப்பிப்பவர் மட்டும் திரையில் தெரிய வேண்டும், எதிரே பேசுபவர் குரலாக மட்டும் வரவேண்டும். மொழி, விண்ணப்பத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்று நாம் எழுதிய மொழி.

நான் அதில் 'தமிழ்' என்று எழுதி அனுப்பிவிட்டிருந்தேன். யோசிக்கவே இல்லை. கன்னடம் என்று போட்டிருக்கலாம், மேடையில் நான் பேசிப் பழகியது அதுதான், தமிழைவிட எனக்கு அது சரளம். தமிழ் எழுத்துகூட அப்பா தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்துச் சொல்லிக்கொடுத்து வந்ததுதான். ஆனால் கேள்வி என்ன மொழி நன்றாக வரும் என்பதல்ல, வீட்டில் என்ன பேசுவீர்கள் என்பது. கை தானாக எழுதியது. அனுப்பிய பிறகு மாற்ற வழியில்லை.

எங்கள் வீட்டில் தமிழ் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, நடக்கப் பழகியது போலப் பழகியது. கதவு சாத்தியிருந்தால் தமிழ். தாழ்ப்பாள் எடுத்துவிட்டால் கன்னடம். அம்மாவும் அப்பாவும் தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்த புதிதில், காவிரித் தண்ணீர்ப் பேச்சு சூடாக இருந்த ஒரு சமயம், கீழ்வீட்டு ஓனர் நல்ல மனதோடுதான் சொன்னாராம், படிக்கட்டில் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று. சூடு ஆறிவிட்டது, பழக்கம் தங்கிவிட்டது. அம்மா என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போது கூரியர்க்காரர் மணியடித்தால், திட்டின் மீதிப் பாதி கன்னடத்தில் வரும். அவளுக்கே தெரியாது. அப்பாவுக்கு அந்தக் கதவு மாநில எல்லையான பாலாற்றில் இருக்கிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் அவர் குரல் ஒரு படி உயர்ந்துவிடும். போனில் கேட்டே நான் சொல்லிவிடுவேன், அப்பா அந்தப் பக்கம் போய்விட்டார் என்று.

காட்சியை நானே எழுதினேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் வேலையை விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருகிறாள். அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டும், சொல்ல வரவில்லை. அம்மாவுக்கு ஆறே வரி. 'ஏங்கண்ணு, இந்நேரத்துல வந்திருக்கற?' 'சாப்ட்டயா?' 'லீவு குடுத்தாங்களா?' 'துணியெல்லாம் எடுத்துட்டு வந்துட்டயா?' 'செரி, கை கழுவிட்டு வா.' 'செரி உடு, பாத்துக்கலாம்.' எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. எந்த வீட்டிலும் எந்த அம்மாவும் தினமும் பேசுவது. இதைப் பேச ஓர் ஆள் கிடைக்காதா?

முதலில் அம்மாவைத்தான் கேட்டேன். ஒரு மதியம் கதவைச் சாத்தி, போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்தேன். "நீ படத்துல வரமாட்டம்மா. அங்கெயே உக்காந்து கேளு, அவ்ளோதான்." அம்மா தயாராகத் தொண்டையைச் செருமினாள். நான் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கதவோரம் போய் நின்று, உள்ளே வந்தேன்.

"யாக்கே இஷ்டொத்தல்லி பந்தே?" என்றாள்.

அதே வரிதான். ஏன் இந்நேரத்தில் வந்தாய். கன்னடத்தில்.

"அம்மா, தமிழ்ல."

"தமிழ்லதான சொன்னேன்?"

போட்டுக் காட்டினேன். வாயில் கையை வைத்துக்கொண்டாள். மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே. மூன்றாவது தடவை தமிழில் தொடங்கி, 'சாப்ட்டயா'வில் வழுக்கி 'ஊட்டா ஆய்த்தா'வில் போய் விழுந்தாள். இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அதென்னமோ கண்ணு, அந்தச் செவப்புப் புள்ளி எரிஞ்சா யாரோ வாசல்ல வந்து நிக்கறாப்புல இருக்குது," என்றாள். அதற்குள் விஜயநகரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மேலே வர, அம்மா கதவைத் திறந்து, யாரிடமும் கேட்கும் அந்தப் பதமான குரலில், "ஏனு பேக்கித்து?" என்றாள். என்ன வேண்டும் என்று.

அடுத்து பள்ளித் தோழியைக் கூப்பிட்டேன். விஜயநகரில் வீடு, அவள் வீட்டிலும் தமிழ்தான். பெங்களூரில் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தாள்.

"ஆறு வரிதானே, அனுப்பு, பேசி வாய்ஸ் நோட்டா போடறேன்," என்றாள். அனுப்பினேன். உடனே திரும்பக் கூப்பிட்டாள். "லே, இது என்ன தமிழ்ல எழுதியிருக்க?"

"பின்ன?"

"எனக்குத் தமிழ் படிக்க வராது கணே. கன்னட எழுத்துல அனுப்பு."

கன்னட எழுத்தில் தமிழை எழுதி அனுப்பினேன். "'செரி உடு'வா? உங்கம்மா என்ன வில்லியா? எங்க வீட்ல யாரும் இப்படிப் பேசமாட்டாங்க."

"எங்க வீட்ல பேசுவாங்க. நீ பேசு."

"நாளைக்கு பக்கா கணே. இன்னிக்கு ஃப்ரெஷர்ஸ் பார்ட்டி."

நாளை வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அவள் பார்ட்டிப் படங்களை நான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் நிற்கும் முகங்களில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்ததில்லை. மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் மேல் கோபமில்லை, அவளுக்கு அங்கே பேச ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

அப்பாவை அவர் வண்டியில் இருக்கும்போது பிடித்தேன். சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றிருந்தார்.

"நான் உங்கம்மாவா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "செரி, சொல்லு, என்ன கேக்கோணும்?"

"இந்நேரத்துல வந்திருக்கறயான்னு கேளுங்கப்பா."

"ஏங்கண்ணு," என்று குரலை மெலிசாக்கினார். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். க்ளீனராக இருக்கும். "இந்நேரத்துல..." என்றபோது வண்டி நகர்ந்துவிட்டது போல. காட்டுக்குள் சிக்னல் கிடையாது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன், அடுத்த வரி வரும் என்பது போல.

ஆக, நானே பேசினேன். அம்மாவின் ஆறு வரியையும் குரலைத் தணித்துப் பதிவு செய்து, நடுநடுவே எனக்கு வேண்டிய அளவு இடம் விட்டேன். அதை ஓடவிட்டு எதிரே நின்று நடித்தேன். ஆரம்பத்தில் என் பேச்சு அந்த இடத்துக்குள் அடங்கவில்லை. பிறகு அடங்கியது. பிறகு கண் சிமிட்டுவதுகூட அதனதன் இடத்தில் வந்து விழுந்தது. மாடியில், சமையலறையில், குளிக்கப் போகும்போது, எங்கேயும் என்னை நானே 'சாப்ட்டயா' என்று கேட்டு 'ம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சுத்தமான ஒரு வீடியோவை எடுத்து அனுப்பினேன். பிழையே இல்லாதது.

நேர்காணலுக்கு அழைத்தார்கள். வீடியோ அழைப்பில்தான். அம்மா அன்று யாரையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அப்பா மேட்டூரில். போன் மறுபடி நூல்கண்டு டப்பாவில் சாய்ந்தது. திரையில் மூன்று பேர், இரண்டு ஆண்கள், நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மையார். பேச்சு ஆங்கிலத்தில். என் மார்க்கைப் பாராட்டினார்கள், கன்னட நாடகங்களைப் பற்றிக் கேட்டார்கள். நான் கேட்டதற்கு மேல் பேசினேன், எப்போதும் போல. அம்மையார் மட்டும் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார், அந்த வீடியோவில் எதிரே பேசும் குரல் யாருடையது என்று.

என்னுடையது என்றேன்.

"அப்படித்தான் நினைத்தேன்," என்றார். "அவள் என்ன சொல்வாள், எப்போது முடிப்பாள் என்று உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. நீ அவள் பேசுவதைக் கேட்கவே இல்லை. காத்திருந்து உன் முறையில் பேசுகிறாய்."

எனக்கு முகம் சுட்டது. ஆள் கிடைக்கவில்லை என்றேன். சொல்லும்போதே அது எப்படிப்பட்ட பதில் என்று தெரிந்தது.

"இப்போது வீட்டில் யாராவது இருக்கிறார்களா?"

அம்மா சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் புரியாவிட்டாலும் தன்னைப் பற்றிய பேச்சு என்று புரிந்துவிட்டது. நான் கூப்பிட்டேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து, திரையில் இருந்த மூவருக்கும் கைகூப்பினாள். மெஷின் ஸ்டூலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "அதே ஆறு வரிதாம்மா," என்று காதோரம் சொன்னேன். தலையாட்டினாள். கன்னடத்தில் கேட்பாள் என்று தெரியும். கேட்டால் தமிழில் பதில் சொல்லி எப்படியாவது இழுத்துப்போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கதவுவரை போய், பையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பதமான குரலில் கேட்டாள்.

"ஏனு பேக்கித்து?"

நான் எழுதாத வரி. கன்னடத்தில்கூட எழுதாத வரி. வாசலில் வந்து நிற்கும் எந்தப் பெண்ணிடமும் அவள் கேட்பது. தோளில் துணிப்பை இருந்தது, கதவோரம் நின்றேன், வேறென்ன கேட்பாள்? பதற்றத்தில் வாய்க்கு வந்தது அதுதான். அத்தனையும் எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. ஆனாலும் என் வீட்டில், என் அம்மா, என்னைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்கிறாள்.

"ஒண்ணும் வேண்டாம்மா," என்றேன். "சும்மா வந்தேன்."

"ஊட்டா ஆய்த்தா?"

"இல்ல."

அம்மா என் பையைப் பார்த்தாள். வரி மறந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை எனக்கு. அவள் அடுத்து என்ன கேட்கப்போகிறாள், எந்த மொழியில் கேட்கப்போகிறாள், எதுவும் தெரியாமல் நின்றேன். கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து முடிந்தது. பை தோளில் கனத்தது, காலிப் பைதான். அம்மா கையை நீட்டி அதை வாங்கி மெஷின் மேல் வைத்தாள். அதுவும் நான் எழுதாதது. நான் அழ வேண்டும் என்று எழுதியிருந்த இடம் எப்போதோ கடந்துபோயிருந்தது. அழுகை இப்போது வந்தது.

"போதும்," என்றார் அம்மையார். மூவரும் ஏதோ தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு ஓர் ஆண் சொன்னார், "உங்கள் மொழி எங்களுக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தடவை நீ அவர் பேசுவதைக் கேட்டாய்." அவர்களுக்கு அது முழுக்க ஒரே மொழியாகத்தான் விழுந்திருந்தது. இரண்டு மொழி ஓடியது அந்த அழைப்பில் இருந்த யாருக்கும் தெரியாது, என்னைத் தவிர.

அழைப்பை முடித்துப் போனைக் கவிழ்த்து வைத்ததும் அம்மா தமிழுக்குத் திரும்பிவிட்டாள். "ஏங்கண்ணு, நான் கெடுத்துட்டனா? நடுவுல மறந்துபோச்சு."

"இல்லம்மா. நல்லா பண்ணின."

"தமிழ்லதான பேசினேன்?"

"ஆமாம்மா."

"நீ நெசமாவே அழுதுட்டயாட்ட இருந்துச்சு," என்றாள், திருப்தியாக. அப்பா வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னாள்.

உதவித்தொகை கிடைத்தது. முழுதாக. அப்பா அந்த மின்னஞ்சலை என்னைத் தமிழில் சொல்லச்சொல்லி இரண்டு தடவை கேட்டார். "அப்ப இஞ்சினீரு இல்ல," என்றார். பிறகு, "போ பாப்பா," என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவருக்கு ஈடில்லை. என் பெட்டியைத் தன் வண்டியிலேயே ஏற்றி ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்.

இங்கே விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். மற்ற மூவருக்கும் மராத்தியோ இந்தியோ. வகுப்பில் நான் வேகம், எல்லாவற்றுக்கும் முதலில் கை தூக்குவது நான்தான். பேச ஆட்களும் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 'செரி உடு' என்று சொல்ல யாரும் இல்லை.

வந்த முதல் வாரம் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் முகம் திரை முழுக்க வந்தது. பின்னால் என் அறைத் தோழிகள் நடமாடுவதைப் பார்த்திருப்பாள். முந்தானையைச் சரிசெய்தாள்.

"ஊட்டா ஆய்த்தா?" என்றாள்.

ஆயிற்று என்றேன். சாப்பாடு எப்படி, குளிர் எப்படி, எல்லாம் கன்னடத்தில் கேட்டாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் கன்னடத்திலேயே போனாள். அப்பா பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது: "ஆருகூடப் பேசற, கஸ்டமரா?"

"பாப்பாகூடத்தான்," என்றாள் அவரிடம், தமிழில்.

கேமரா இல்லாமல் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்போது தமிழ் வருகிறது, ஆனால் முகம் இல்லை, அம்மாவும் மூன்றாவது நிமிடத்தில் "செரி, வெக்கட்டுமா" என்கிறாள். அதனால் வீடியோவில்தான் கூப்பிடுகிறேன். முதலில் ஐந்து நிமிடம் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் விசாரிக்கிறாள். பிறகு கை வேலை நிற்கக்கூடாது என்று போனை மெஷின் பக்கத்தில் மல்லாக்க வைத்துவிடுகிறாள். எனக்கு எங்கள் வீட்டுக் கூரை தெரிகிறது, பழுப்பேறிய மின்விசிறி, மூலையில் ஒட்டடை. மெஷின் ஓடும் சத்தம். கொஞ்ச நேரத்தில் போன் இருப்பதே அவளுக்கு மறந்துவிடும்.

"ஏங்கண்ணு," என்று வரும் அப்போது, "சாப்ட்டயா?"

முன்னமே கேட்டதுதான். நான் மறுபடி பதில் சொல்கிறேன்.